ஒன்பது மாத மனிதர்கள்: சுழற்சிப் புலப்பெயர்வு பற்றிய ஒரு மறுவாசிப்பு

சில மாதங்களுக்கு முன்னர் இங்குள்ள நண்பர்கள் கூடிய கலந்துரையாடலொன்றில், அபிவிருத்தித் துறையில் பணியாற்றும் இளம் நண்பர் ஒருவர் 'சுழற்சிமுறைப் புலப்பெயர்வு' பற்றிப் பேசினார். வறிய நாட்டுத் தொழிலாளி குறிப்பிட்ட காலத்துக்கு வந்து வேலைசெய்கிறார், திரும்பிப் போகிறார், மீண்டும் வருகிறார். வேலை கொடுக்கும் நாட்டுக்கு ஆள் கிடைக்கிறது, அனுப்பும் நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைக்கிறது, தொழிலாளிக்கு நல்ல உழைப்புக் கிடைக்கிறது. ஆகவே மூன்று தரப்புக்கும் வெற்றி என்பது அவரது வாதம். வடக்கு கிழக்கின் இளைஞர்களுக்கும் இதுவே நல்ல வழி என்றார். எவரும் மறுக்கவில்லை. எங்களில் மூத்த ஒருவர் மட்டும், "அது வேலைக்குப் போற ஆக்களின்ர பிரச்சினை. நாங்கள் அகதியள்" என்றார். அத்தோடு பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிட்டது.

இக்கட்டுரை அந்த இரண்டு கூற்றுக்களையும் பற்றியது. முதலாவது, அறிக்கைகளாலும் மாநாடுகளாலும் வளர்க்கப்பட்டு மேலிருந்து வருவது. இரண்டாவது எங்களுக்குள்ளிருந்தே வருவது. தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதே நான் இங்கு சொல்ல முனைவது.

1. அறிக்கையின் கணக்கு

நண்பர் ஆதாரமாகக் காட்டியது ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் 2009ஆம் ஆண்டு மனித அபிவிருத்தி அறிக்கை. புலப்பெயர்வையே கருப்பொருளாகக் கொண்ட அறிக்கை அது. இதை 'ஏகாதிபத்தியத்தின் குரல்' என்று எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவது எங்களுக்குப் பழகிப்போன சுலபமான வழி. நான் அதைச் செய்யப்போவதில்லை. வந்தேறிகளைச் சுமையாகவும் ஆபத்தாகவும் காணும் மேற்கின் பொதுப்புத்தியை அவ்வறிக்கை துணிவோடு மறுக்கிறது. எல்லை கடந்து வாழ்வோர் சுமார் 21 கோடி, நாட்டுக்குள்ளேயே இடம் மாறியோர் சுமார் 74 கோடி என்று கணித்து, புலப்பெயர்வென்றால் வறியவர்கள் ஐரோப்பாவின் கதவைத் தட்டுவது மட்டுமே என்ற கற்பனையையும் உடைக்கிறது.

அதன் மிகப் பலமான வாதம் மூன்று எண்களில் இருக்கிறது. மிக வறிய நாடுகளிலிருந்து புலம்பெயர்ந்தோரின் வருமானம் சராசரியாக 15 மடங்கு உயர்கிறது. பிள்ளைகள் கல்வியில் சேரும் வீதம் 47இலிருந்து 95 ஆகிறது. ஆயிரம் பிறப்புக்கு 112 ஆக இருந்த குழந்தை இறப்பு 7 ஆகக் குறைகிறது. வருமானம், கல்வி, உடல்நலம் என்ற இம்மூன்றும் தற்செயலாகத் தெரிவானவையல்ல. 1990இல் மஹ்பூப் உல் ஹக் தொடங்கிவைத்த முதல் அறிக்கையிலிருந்து, அமர்த்யா சென்னின் சிந்தனையின் துணையோடு, மனித அபிவிருத்தியை அளக்கும் மூன்று கோல்கள் இவைதான். தேசிய வருமானத்தால் மட்டும் மனிதரை அளக்கக்கூடாது என்பதற்காகவே அவை உருவாகின.

இப்போது இந்த மூன்று எண்களையும் சுழற்சிப் புலப்பெயர்வின் முன் வைத்துப் பாருங்கள். குழந்தை இறப்புக் குறைவதற்குக் குழந்தை அந்த நாட்டில் பிறக்கவேண்டும், அல்லது வளரவேண்டும். பள்ளியில் சேர்வதற்குப் பிள்ளை அங்கே இருக்கவேண்டும். ஆனால் சுழற்சித் திட்டங்களின் முதல் நிபந்தனையே குடும்பம் வரக்கூடாது என்பதுதான். ஆக, மூன்றில் இரண்டு எண்கள் குடும்பத்தோடு குடியேறியவர்களின் வாழ்விலிருந்து கிடைத்தவை. சுழற்சித் தொழிலாளிக்கு மிஞ்சுவது முதலாவது எண் மட்டுமே. அவர் அனுப்பும் காசில் ஊரிலுள்ள பிள்ளை படிக்கலாம், மருந்து வாங்கலாம் என்பது உண்மை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது பிள்ளை 95 வீதப் பள்ளிக்குள் நுழைவதற்குச் சமமாகாது. குடியேற்றத்தின் பலனைக் காட்டிச் சுழற்சியை விற்கிறார்கள்.

அறிக்கைக்கு நியாயம் செய்வதானால் ஒன்றைச் சொல்லவேண்டும். பருவகாலத் தொழிலாளருக்கான வழிகளை அகலத் திறக்கும்படி கேட்கும் அது, அவர்கள் முதலாளியை மாற்றும் உரிமையையும், தங்குகாலத்தை நீடிக்க விண்ணப்பிக்கும் உரிமையையும், நிரந்தர வதிவிடத்துக்கான பாதையையும் கேட்கிறது. அரசுகள் அந்தப் பரிந்துரையின் முதற்பாதியை எடுத்துக்கொண்டன. மறுபாதி மாநாட்டு மண்டபங்களில் கிடக்கிறது.

2. சமையலறையின் கணக்கு

நான் சுவிற்சர்லாந்துக்கு வந்தது 1986இல். இரண்டு ஆண்டுகளின் பின் ஏரிக்கரை ஹோட்டலொன்றின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. அங்கே என்னோடு நின்றவர் கொசோவோவைச் சேர்ந்தவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். என்னிடம் அகதி விண்ணப்பதாரிக்கான 'என்' பெர்மிற் இருந்தது. அவரிடம் பருவகாலத் தொழிலாளிக்கான 'ஏ' பெர்மிற். அந்த 'ஏ' என்னவென்று அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டேன்.

1934இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் சுவிஸ் அரசு உருவாக்கிய அனுமதி அது. ஆண்டில் ஒன்பது மாதம் வேலை. மூன்று மாதம் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும். அந்தப் பருவத்தில் முதலாளியையோ மாநிலத்தையோ மாற்றமுடியாது. மனைவியை, பிள்ளையை அழைக்கமுடியாது. 1960களின் முற்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு இலட்சம் பேர் வரை இப்படி வந்து போனார்கள். பெரும்பாலோர் இத்தாலியர், பின்னர் ஸ்பானியர், போர்த்துக்கீசர், யூகோஸ்லாவியர். சுரங்கப் பாதைகளையும் அணைகளையும் நெடுஞ்சாலைகளையும் கட்டியவர்கள் அவர்கள். எல்லையில் அவர்களை வரிசையில் நிறுத்தி நெஞ்சை எக்ஸ்றே எடுத்துப் பார்த்தபின்தான் உள்ளே விட்டார்கள்.

சட்டத்தில் ஒரு கதவும் இருந்தது. 1976இலிருந்து, தொடர்ச்சியான நான்கு ஆண்டுகளில் 36 மாதம் வேலைசெய்தவர் ஆண்டு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். பிறகு குடும்பத்தையும் அழைக்கலாம். நாலொன்பது முப்பத்தாறு. ஆனால் எங்கள் ஹோட்டலின் பருவம் எட்டு மாதம். நாலெட்டு முப்பத்திரண்டு. முதலாளி கொடியவரல்ல, தீபாவளிக்கு எனக்கு விடுமுறை தந்தவர். எட்டு மாதத்துக்கு மேல் ஆள் வைத்திருக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதர் ஒன்பது பருவங்கள் வந்து போனார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் ஊருக்குப் போகமுன் அவர்களுக்குச் சப்பாத்து வாங்குவார். அளவுக்காக மனைவி பிள்ளைகளின் பாதங்களைக் கடதாசியில் வரைந்து அனுப்புவா. கடிதம் புரட்டாதியில் வரும். அவர் போய்ச்சேர்வது மார்கழியில். சப்பாத்துக்கள் அநேகமாக இறுகிவிடும் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். பிறகு ஓரளவு பெரிதாக வாங்கப் பழகிக்கொண்டார்.

எல்லோரும் அவரைப்போலப் பொறுத்திருக்கவில்லை. சிலர் பிள்ளைகளை இரகசியமாகக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அறைகளுக்குள் அடைபட்டு, பகலில் சத்தம் போடாமல், ஜன்னலுக்குப் போகாமல், பள்ளிக்கூடம் இல்லாமல் வளர்ந்தார்கள். 'அலுமாரிப் பிள்ளைகள்' என்று இங்கே அவர்களைச் சொல்வார்கள். அல்வாரோ பிஸ்ஸாரி என்ற இத்தாலியத் தொழிலாளி 1971இலேயே இதைத் திரைப்படமாக்கினார். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று முதுமையை எட்டிவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் சங்கமாகச் சேர்ந்து, தங்களுக்கு நடந்ததை ஏற்றுக்கொள்ளும்படி அரசைக் கேட்கிறார்கள். பணக்கார நாடொன்றின் நடுவில் இப்பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை வீதம் பூச்சியமாக இருந்தது. எந்த மனித அபிவிருத்தி அறிக்கையும் அவர்களை எண்ணியதில்லை. அவர்கள் சட்டப்படி அங்கே இருக்கவே இல்லை.

3. 'ஏ'யிலிருந்து 'என்'னுக்கு

1991இல் சுவிஸ் அரசு உலகை மூன்று வட்டங்களாகப் பிரித்தது. முதல் வட்டத்தில் மேற்கு ஐரோப்பா. இரண்டாவதில் அமெரிக்கா, கனடா போன்றவை. மூன்றாவதில் மிச்ச எல்லோரும். மூன்றாம் வட்டத்திலிருந்து சாதாரணத் தொழிலாளரை எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. யூகோஸ்லாவியா அந்த மூன்றாம் வட்டத்துக்குள் விழுந்தது. 1990களின் இறுதியில் அக்கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் அதற்கு முன்னரே எங்கள் சமையலறை மனிதருக்கு 'ஏ' பெர்மிற் கிடைக்காமற் போயிற்று. கொசோவோவில் அல்பானியர்கள் வேலைகளிலிருந்து நீக்கப்பட்டு, பொலிஸ் அடக்குமுறை இறுகிக்கொண்டிருந்த காலம். 1993இல் அவர் திரும்பி வந்தார். இம்முறை தஞ்சம் கேட்டு. சில மாதங்களின் பின் அதே ஹோட்டலில், அதே தொட்டியடியில் அவரை மீண்டும் கண்டேன். கையில் 'என்' பெர்மிற்.

விசாரணையில் அவரிடம் கேட்கப்பட்ட முதற் கேள்விகளில் ஒன்று, "வேலைக்காகத்தானே வந்தீர்?" என்பது. அவரது கோவையில் ஒன்பது பருவங்களின் வேலை ஒப்பந்தங்கள் இருந்தன. அவரது உழைப்பே அவருக்கெதிரான சாட்சியாயிற்று என்று என்னிடம் சொன்னார்.

அதே கேள்வியை என்னிடமும் கேட்டிருந்தார்கள். எங்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். "இல்லை" என்று சொன்னோம். அது உண்மைதான். ஆனால் அந்த "இல்லை"யை விசாரணை அறையோடு விட்டுவிடாமல் எங்கள் இலக்கியத்துக்குள்ளும் அரசியலுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். நாங்கள் வேலைக்கு வந்தவர்களல்ல. ஆகவே வேலைக்கு வந்தவர்கள் எங்களைச் சேர்ந்தவர்களல்ல. அரசு தனது வசதிக்காகப் போட்ட கோட்டை நாங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்டோம்.

எங்கள் புகலிட எழுத்தில் கோப்பை கழுவுதல் திரும்பத் திரும்ப வரும். நானும் எழுதியிருக்கிறேன். அவற்றை இன்று வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. படித்தவன், ஊரில் மதிப்போடு வாழ்ந்தவன் இங்கே எச்சில் கோப்பை கழுவுகிறானே என்பதுதான் அவற்றின் துயரம். பக்கத்தில் நின்று அதையே ஒன்பது ஆண்டுகளாகக் கழுவுகிறவரின் துயரம் அவற்றில் இல்லை. கழுவுவதற்கென்றே சிலர் இருக்கிறார்கள், அது நானாக இருக்கக்கூடாது என்ற எண்ணத்தை நாங்கள் விமானத்தில் ஏறும்போது கூடவே கொண்டுவந்தோம். அதன் பெயர் எங்களுக்குத் தெரியும். சாதி என்று சொல்லத்தான் கூச்சப்பட்டோம்.

4. ஏழாவது மனிதனும் அவனது மனைவியும்

ஜோன் பேர்ஜரும் புகைப்படக் கலைஞர் ழான் மோரும் சேர்ந்து 1975இல் வெளியிட்ட 'ஏழாவது மனிதன்' என்ற நூலை இந்த இடத்தில் நினைவுகூர வேண்டும். அன்று ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் உடலுழைப்புத் தொழிலாளரில் ஏழில் ஒருவர் வெளிநாட்டவர் என்பதே தலைப்பின் பொருள். புறப்பாடு, வேலை, திரும்புதல் என மூன்று பகுதிகள். போர்த்துக்கல்லிலிருந்து களவாக எல்லை கடந்தவர்கள் தங்கள் புகைப்படத்தை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை வழிகாட்டியிடம் கொடுப்பார்களாம். பத்திரமாகப் போய்ச்சேர்ந்ததும் தம்மிடமுள்ள பாதியை வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டும் பொருந்தினால்தான் குடும்பம் காசு கொடுக்கும். பாதிக் காசு முதலில், மிச்சம் போய்ச்சேர்ந்த பிறகு என்று ஏஜென்சிக்காரரோடு பேசிக்கொண்டு வந்த எங்களுக்கு இது புதுக் கதையல்ல. அவர்கள் தொழிலாளர், நாங்கள் அகதிகள்; பாதை ஒன்றாகத்தான் இருந்தது.

பேர்ஜரின் ஒரு கருத்து முக்கியமானது. வேலை வாங்கும் பொருளாதாரத்தின் பார்வையில் புலம்பெயர் தொழிலாளிக்குப் பிறப்பும் இல்லை, முதுமையும் இல்லை, சாவும் இல்லை. வளர்த்துக் கொடுத்த செலவு ஊருக்கு. களைத்துப் போனபின் பராமரிக்கும் செலவும் ஊருக்கு. ஒருவர் போனால் இன்னொருவர் அந்த இடத்தில் நிற்பார். 'சுழற்சி' என்ற சொல் மறைப்பது இதைத்தான். மனிதர் சுழல்வதுபோலத் தெரிகிறது. உண்மையில் தொட்டியடி ஓரிடத்தில் நிற்க, ஆட்கள் மாற்றப்படுகிறார்கள்.

ஆனால் அந்நூலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆசிரியரே அதை ஒப்புக்கொள்கிறார். அது ஆண்களைப் பற்றியது. பெண் தொழிலாளரைப் பற்றி இன்னொரு நூல் வேண்டும் என்று சொல்லி விட்டுவிடுகிறார். எங்களுக்கு அந்த இன்னொரு நூல் மிக அருகில் இருக்கிறது.

1985இல் சட்டமொன்றின் மூலம் இலங்கை அரசு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்தது. நாங்கள் ஐரோப்பாவுக்கு ஓடிவந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள். 1990களின் நடுப்பகுதியில் பதிவுசெய்து போனவர்களில் நான்கில் மூவர் வரை பெண்கள். பெரும்பாலோர் மத்திய கிழக்கின் வீடுகளுக்கு. இரண்டு ஆண்டு ஒப்பந்தம், திரும்புதல், மறுபடியும் இரண்டு ஆண்டு. அனுசரணையாளரின் அனுமதியில்லாமல் வேலையை விடமுடியாத 'கஃபாலா' முறை. மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டியிருந்தார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே தலை வெட்டப்பட்டார். எங்கள் கூட்டங்களில் அவருக்காக எத்தனை நிமிடம் ஒதுக்கினோம்? மூதூர் எங்கள் வரைபடத்துக்குள் இருந்தது. ரிசானா இருக்கவில்லை. அவர் முஸ்லிம், பெண், வேலைக்குப் போனவர்.

அதே 2013இல் அரசு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக்கூடாது. தந்தைக்கு அப்படி எதுவுமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் உரிமையை எந்த அரசிடமும் கேட்டுப் பெறாத அரசு, போகும் உரிமையைத் தாயிடமிருந்து பறித்தது. பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் காசு 2020இல் சுமார் 710 கோடி டொலரிலிருந்து 2022இல் சுமார் 380 கோடியாக வீழ்ந்து, நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றது. 2022இல் அந்த ஐந்து வயது இரண்டு வயதாயிற்று. ஒரு பிள்ளைக்கு எத்தனை வயதுவரை தாய் வேண்டும் என்பதை மத்திய வங்கியின் கையிருப்புத் தீர்மானித்தது. இதையும் 'மனித அபிவிருத்தி' என்று அழைப்பார்களா?

5. பழைய சட்டம், புதிய சொல்

2002இல் ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஆட்சுதந்திர உடன்படிக்கை வந்தபோது சுவிஸ் தனது பருவகால அனுமதியை ஒழித்தது. ஐரோப்பாவின் வெட்கக்கேடு ஒன்று முடிந்ததாகப் பலர் எழுதினார்கள். 2005இல், ஜெனீவாவில் செயலகம் கொண்டிருந்த சர்வதேசப் புலப்பெயர்வுக்கான உலக ஆணைக்குழு, நிரந்தரக் குடியேற்றத்தின் காலம் மெல்லக் கழிந்து தற்காலிக, சுழற்சிப் புலப்பெயர்வின் காலம் வருகிறது என்றது. 2007இல் ஐரோப்பிய ஆணைக்குழு அதைக் கொள்கையாக முன்வைத்தது. 2014இன் பருவகாலத் தொழிலாளர் வழிகாட்டல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோருக்கு ஆண்டில் ஐந்திலிருந்து ஒன்பது மாதம் என்ற உச்சவரம்பை வைக்கச் சொல்கிறது. மீண்டும் அந்த ஒன்பது. சம நடத்துகை, தங்குமிடத் தரம், முதலாளியை மாற்றும் வாய்ப்பு என்று பழைய சுவிஸ் முறையில் இல்லாத நல்லவை அதில் உண்டு. குடும்பத்துக்கு மட்டும் இடமில்லை.

தென்கொரியாவின் 2004ஆம் ஆண்டு முறையில் இலங்கையரும் போகிறார்கள். ஊரில் அதற்கு இருக்கும் வரவேற்பை அறிவோம். அங்கே ஒரு தடவையில் தங்கக்கூடிய அதிகபட்சக் காலம் நான்கு ஆண்டும் பத்து மாதமும். ஐந்து ஆண்டு தங்கியவர் நிரந்தர வதிவிடத்தைக் கேட்கமுடியும் என்பதே அந்த இரண்டு மாதத்தின் இரகசியம். நாலெட்டு முப்பத்திரண்டு என்ற எங்கள் ஹோட்டல் கணக்குத்தான்.

இந்தக் கணக்கின் விளைவை எங்கள் நாடே ஒருமுறை கண்டிருக்கிறது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து அறுவடைக்கு வந்து திரும்பிப் போனவர்கள், ஆண்டு முழுவதும் ஆள் வேண்டிய தேயிலை வந்தபின் மலையகத்தில் நிலைகொண்டார்கள். தலைமுறைகள் கடந்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை 'வந்து போகிறவர்கள்' என்றே கொண்டு நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. தற்காலிகம் என்று ஒருவரை அழைக்கத் தொடங்கினால், அதைச் சாட்டிப் பேரப்பிள்ளையையும் வெளியேற்றலாம்.

6. யார் சுழல்கிறார்கள்?

"எல்லோரும் குடியேறவா விரும்புகிறார்கள்? திரும்பிப் போக விரும்புகிறவர்களும் உண்டே" என்று இளம் நண்பர் கேட்கக்கூடும். சரியான கேள்வி. 1973 நவம்பரில் ஜேர்மனி வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதை நிறுத்தியபோது, அங்கிருந்த துருக்கியரில் பலர் ஊர் போகவில்லை. குடும்பத்தை அழைத்துத் தங்கினார்கள். போனால் திரும்பி வரமுடியாது என்று தெரிந்ததால் தங்கினார்கள். திரும்பி வரும் உரிமை இருப்பவர்தான் பயமின்றி ஊருக்குப் போவார்.

இது எங்களுக்குச் சொந்த அனுபவம். 1994இல் என் அம்மா இறந்தபோது நான் போகவில்லை. போனால் விண்ணப்பம் முடிந்துவிடும். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். இன்று என்னிடம் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கொருமுறை யாழ்ப்பாணம் போய் வருகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கட்டுநாயக்காவில் இறங்கும் விமானங்களில் எங்களவர் நிறைந்திருப்பார்கள். விரும்பியபோது போய், விரும்பியபோது வருகிற சுழற்சிப் புலம்பெயர்வோர் உண்மையில் நாங்கள்தான். தங்கும் உரிமை கிடைத்த பிறகே நாங்கள் சுழலத் தொடங்கினோம்.

ஆகவே இளம் நண்பரிடம் மூன்று கேள்விகள். நீங்கள் பரிந்துரைக்கும் திட்டத்தில் பிள்ளை கூட வரலாமா? முதலாளியை விட்டு விலகலாமா? காலம் முடிந்தபின் திரும்பாமல் இருக்க விண்ணப்பிக்கலாமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் அதை வேலைவாய்ப்புத் திட்டம் என்று சொல்லுங்கள். வறுமையில் அதுவும் தேவைப்படலாம். போகிறவரை நான் தடுக்கமாட்டேன். மனித அபிவிருத்தி என்று மட்டும் அழைக்காதீர்கள்.

எங்கள் மூத்த நண்பரிடமும் ஒன்று கேட்கிறேன். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய மட்டக்களப்பு, மூதூர், ஹட்டன் பெண்களும் கொரியாவுக்குப் போன இளைஞர்களும் எழுதுவதற்கு இதுபோன்ற சஞ்சிகைகளில் எத்தனை பக்கம் கொடுத்திருக்கிறோம்? பிஸ்ஸாரி தன் கதையைத் தானே படமாக்கினார். எங்கள் பெண்களும் எழுதக்கூடும், எழுதியும் இருப்பார்கள். அவர்களைத் தேடி நாங்கள் போகவில்லை.

கொசோவோ நண்பருக்கு இறுதியில் தங்குவதற்கு அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் வந்துசேர்ந்தபோது மூத்தவனுக்குப் பதினாறு வயது. இங்குள்ள பள்ளியில் சேர்வதற்கு வயது கடந்துவிட்டதென்றார்கள். அவனும் எங்களோடு தொட்டியடிக்கு வந்தான்.